பார்ட்டிசன்: வகிர்வா, பகிர்வா, பாகமா?

மட்டக்களப்பில் 'பார்ட்டிசன்' என்ற சொல் மூன்று இடங்களில் காதில் விழும். நீதிமன்ற வளவில் அது காணி வழக்கு. தச்சரிடம் அது, கடைக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே பிளைவூட்டில் அடிக்கிற மறைப்பு. கணினி திருத்தும் கடையில் அது ஹாட் டிஸ்க்கின் ஒரு துண்டு: "சி பார்ட்டிசன அழிச்சிட்டு விண்டோஸ் போடட்டா, டியில ஏதும் இரிக்கா?" மூன்றும் ஒரே சொல்தான். ஆனால் டிஸ்க்கில் இருப்பது தச்சருடைய பார்ட்டிசனா, நீதிமன்றத்துடைய பார்ட்டிசனா என்று பிரித்தறிந்துவிட்டால், விண்டோஸோ லினக்ஸோ போடும்போது வருகிற சிக்கல்களில் பாதி புரிந்துவிடும். தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

வேர் இலத்தீன். 'பார்ஸ்' என்றால் பங்கு. அதிலிருந்து பங்கிடுதல் என்ற பொருளில் 'பார்ட்டீட்டியோ'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். ஆங்கிலத்தில் அது பங்கிடும் செயலையும் குறிக்கும், பங்குகளுக்கு நடுவே நிற்கும் மறைப்பையும் குறிக்கும். நீதிமன்றம் முதலாவதை எடுத்துக்கொண்டது, தச்சர் இரண்டாவதை. பிசிகளில் இந்தச் சொல் பரவியது 1983இலிருந்து. ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹாட் டிஸ்க்கோடு வெளிவந்த ஆண்டு அது. அதனோடு வந்த டொஸ் 2.0, ஒரே டிஸ்க்கில் நான்கு பணிசெயல் முறைமைகள் வரை தனித்தனி இடம் பிடிக்க வழிசெய்தது. (பணிசெயல் முறைமை என்பது இலங்கைப் பாடநூல் வழக்கு, தமிழகத்தில் இயங்குதளம், இயக்க முறைமை என்பார்கள்.)

அந்த இடம்பிடிப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். டிஸ்க் முழுவதும் செக்டர் எனும் சிறு கட்டங்களாக எண்ணிடப்பட்டிருக்கும். முதல் செக்டர் 512 பைட். அதில் முதல் 446 பைட், கணினியை எழுப்புகிற சிறு நிரலுக்கு. கடைசி 2 பைட், 55 ஏஏ என்ற முத்திரை. நடுவில் இருக்கிற 64 பைட்டில் நான்கு வரிகள், வரிக்கு 16 பைட். இந்தத் துண்டு எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், என்ன வகை, இதிலிருந்து எழும்பலாமா என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். அவ்வளவுதான் பார்ட்டிசன். தகட்டில் கோடு கீறப்படுவதில்லை, மறைப்பு எழுப்பப்படுவதில்லை. இந்த முறைக்கு எம்பிஆர் என்று பெயர்.

இது அச்சொட்டாக நீதிமன்றத்துப் பார்ட்டிசன். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கில், நில அளவையாளர் வந்து அளந்து படம் கீறி, லொட் 1, லொட் 2 என்று இலக்கமிடுவார். தீர்ப்பு வந்த அன்று காணியில் ஒரு பிடி மண்கூட இடம் மாறாது. தென்னை நின்ற இடத்தில் நிற்கும், கிணறு இருந்த இடத்தில் இருக்கும். மாறுவது எழுத்து மட்டும். வேலி அடைப்பது பிறகு நடக்கிற வேலை.

ஆகவே பார்ட்டிசனை 'டிலீட்' கொடுத்தால் அழிவது காணி உறுதிப் பத்திரம்தான், காணி அல்ல. கை தவறி டியை நீக்கிவிட்டால் அந்த நிமிடத்திலேயே நிறுத்த வேண்டும்: புதிதாகப் பார்ட்டிசன் உருவாக்கக்கூடாது, போமற் கொடுக்கக்கூடாது, நிறுவலைத் தொடரக்கூடாது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டி, 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருளால் தேடினால், பழைய எல்லைகளைக் கண்டுபிடித்து வரியைத் திரும்ப எழுதிவிடலாம். சுழலும் ஹாட் டிஸ்க்கில் இது பெரும்பாலும் கைகொடுக்கும். சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டியில் அந்தத் தைரியம் வேண்டாம். அங்கே விரைவு போமற் கொடுத்தாலே, 'இந்த இடம் இனித் தேவையில்லை' என்று ட்ரிம் கட்டளை போய்விடும். எஸ்எஸ்டி தானாகவே உள்ளதைத் துடைத்துவிடும்.

எம்பிஆரின் நான்கு வரிகளில் செக்டர் எண்ணை எழுத 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டரோடு பெருக்கினால் 2 டெராபைட். அதற்குமேல் உள்ள டிஸ்க்கை இந்த உறுதியில் எழுத முடியாது. பின்னால் வந்த ஜிபிடி என்ற முறையில் 128 வரிகள், வரிக்கு 128 பைட். மொத்தம் 16 கேபி. அதைவிட முக்கியம், அதே பதிவின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசிச் செக்டர்களில் இருக்கும். முன்பக்கம் பழுதானாலும் பின்பக்கத்தைப் பார்த்து மீட்கலாம்.

நிறுவும்போது அதிகம் பேரை மறிக்கிற பிழை இந்த இரண்டு உறுதி முறைகளும் முட்டிக்கொள்வதால் வருவது. 'இந்த டிஸ்க்கில் விண்டோஸ் நிறுவ முடியாது. இதில் எம்பிஆர் பார்ட்டிசன் அட்டவணை உள்ளது' என்று ஒரு செய்தி. அல்லது நேரெதிராக, 'இந்த டிஸ்க் ஜிபிடி வகையைச் சேர்ந்தது' என்று. உடனே டிஸ்க் பழுது என்று முடிவுகட்டிப் புதியது வாங்குகிறவர்கள் உண்டு. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. கணினியை எழுப்புகிற அடிப்படை நிரலுக்குப் பழைய முறை பயோஸ், புதிய முறை யூஇஎஃப்ஐ. யூஇஎஃப்ஐ முறையில் எழும்பிய நிறுவி ஜிபிடி கேட்கும். பழைய பயோஸ் முறையில் எழும்பிய நிறுவி எம்பிஆர் கேட்கும். எந்த முறையில் எழும்பியது என்பதை முடிவுசெய்வது, நிறுவி இருக்கிற பென் டிரைவைத் தெரிவுசெய்த விதம். எழுப்பு மெனுவைக் கவனித்தால், பல கணினிகளில் அதே பென் டிரைவ் இரண்டு தடவை காட்டும்: ஒன்று 'யூஇஎஃப்ஐ' என்ற முன்னொட்டோடு, மற்றது இல்லாமல். டிஸ்க்கில் உள்ள தரவு வேண்டுமென்றால் முதலில் மற்ற வரியைத் தெரிவுசெய்து பாருங்கள். பென் டிரைவ் ஒருமுறைதான் காட்டினால், பென் டிரைவில் நிறுவியை ஏற்றுகிற ரூஃபஸ் மென்பொருளில் அதைத் தயாரிக்கும்போதே ஜிபிடியா எம்பிஆரா என்று கேட்ட இடத்தில் பிழை நடந்திருக்கும்.

நிறுவி ஜிபிடி கேட்கிறது, டிஸ்க்கில் காப்பாற்றவும் ஒன்றுமில்லை என்றால், அந்தத் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தவும். கறுப்புத் திரை வரும். 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் டிஸ்க்'. இந்த இடத்தில் நிதானம் வேண்டும், ஏனென்றால் பென் டிரைவும் இந்தப் பட்டியலில் நிற்கும். அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்: 500 ஜிபி என்று விற்ற டிஸ்க் இங்கே 465 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி 238 ஜிபி, 16 ஜிபி பென் டிரைவ் 14 ஜிபி சொச்சம். உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, யாரும் களவெடுக்கவில்லை. கடைசி நெடுவரிசையில் நட்சத்திரம் இருந்தால் அந்த டிஸ்க் ஏற்கெனவே ஜிபிடி. பிறகு 'செலக்ட் டிஸ்க்' என்று எண்ணோடு, 'கிளீன்', 'கன்வேர்ட் ஜிபிடி', 'எக்ஸிட்'. 'கிளீன்' ஒரு தடவையும் திருப்பிக் கேட்காது; அடித்ததும் முடிந்தது. திரையைப் புதுப்பித்து, வெறும் இடத்தைத் தெரிவுசெய்து 'நெக்ஸ்ட்' கொடுத்தால் போதும். 100 எம்பி சிஸ்டம் பார்ட்டிசன், 16 எம்பி ஒதுக்கீடு, மீட்புப் பார்ட்டிசன் எல்லாவற்றையும் விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும். கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொடுக்கப் போய்த்தான் வீண் சிக்கல் வருகிறது.

உள்ளே ஏற்கெனவே ஓடுகிற விண்டோஸ் 10 இருந்து, அதை அழிக்காமல் ஜிபிடிக்கு மாற்ற வேண்டுமென்றால் 'எம்பிஆர்டுஜிபிடி' என்ற கருவி கூடவே இருக்கிறது. 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து. முதலில் 'வேலிடேட்' கொடுத்துச் சோதிக்க வேண்டும். முதன்மைப் பார்ட்டிசன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, தனக்குள் வேறு துண்டுகளை அடக்குகிற நீட்டிப்புப் பார்ட்டிசன் ஒன்று இருந்தாலோ அது மறுத்துவிடும். மாற்றி முடிந்ததும் பயோஸுக்குள் போய் யூஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் கணினி எழும்பாது.

இனி சொல்லுக்கு வருவோம். தமிழ்க் கணிமையில் பகிர்வு, வகிர்வு, பிரிவு, பிரிவினை என்று பலதும் புழங்குகின்றன.

பகிர்வு நல்ல சொல்தான். பகு என்ற வேரில் பிறந்தது. பகுதியும் பாதியும் அதே குடும்பம். ஆனால் அதை வட்ஸ்அப்பும் முகநூலும் கொண்டுபோய்விட்டன. 'இந்தக் கோப்புறை பகிர்வில் உள்ளது' என்றால் வலையமைப்பில் மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்றுதான் இன்று யாரும் விளங்குவார்கள். பிரிவினை என்றால் 1947 நினைவுக்கு வருகிறது. பிரிவு என்றால் கிராம சேவகர் பிரிவு, இல்லையென்றால் காதலர் பிரிவு.

வகிர்வுக்கு ஆதரவாளர்கள் அதிகம், காரணமும் உண்டு. வகிர்தல் என்றால் கீறிப் பிளத்தல். தலை வகிடு அதன் உறவு. பழைய ஆட்சியும் இருக்கிறது: திருவாசகத்தில் 'மாவடு வகிரன்ன கண்ணி பங்கா' என்று வரும். பிளந்த மாவடுவைப் போன்ற கண்ணாளைப் பங்கில் உடையவனே என்று பொருள். இந்த ஒரே அடியில் நமக்கு வேண்டிய இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மாவடுவுக்கு வகிர், அங்கே கத்தி பட்டிருக்கிறது. இறைவனுக்குப் பங்கு, அங்கே கத்தியே இல்லை, ஒரே உடம்பில் ஒரு புறம் உமைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் எந்தப் பக்கம்? 64 பைட்டைப் பார்த்த பிறகு சந்தேகம் இருக்க முடியாது. வகிர்வு தச்சருடைய பார்ட்டிசன். பாத்தி என்ற சொல்லையும் சிலர் யோசிக்கக்கூடும், ஓசைகூடப் பொருந்துகிறது. ஆனால் கீரைப் பாத்திக்கு மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டியாக வேண்டும்.

அதனால் பாகம். உமையொரு பாகனின் பாகம், பாகப்பிரிவினையின் பாகம். காணி வழக்கில் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிற சொல். அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ விளக்கம் சொல்லாமலே பிடிபடும். வடசொல் என்று ஒதுக்குகிறவர்கள் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், பொருள் கெடாது. ஆனால் பங்குச்சந்தை இடையில் வந்து நிற்கும். பாகத்துக்கும் ஒரு தொல்லை உண்டு, நளபாகத்தில் வருகிற சமையல் பாகம். டிஸ்க்கையும் அதையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. பாக அட்டவணை, முதன்மைப் பாகம், மீட்புப் பாகம் என்று தொகைகளும் நாக்கில் தடக்காமல் வருகின்றன.

முதன்மைப் பாகம் என்றதும் அந்த நான்கு வரிக் கணக்கு. எம்பிஆர் டிஸ்க்கில் நான்கும் நிரம்பியிருந்தால், 80 ஜிபி வெறுமையாகக் கிடந்தாலும் லினக்ஸ் நிறுவி அதைப் 'பயன்படுத்த முடியாத இடம்' என்றே காட்டும். இடம் இருக்கிறது, உறுதியில் எழுத வரி இல்லை. ஒரு பாகத்தை நீக்கி, அந்த வரியில் நீட்டிப்புப் பாகம் போட்டு, அதற்குள் வேண்டியதை அமைக்க வேண்டும். ஐந்தாவதை விண்டோஸுக்குள்ளிருந்தே உருவாக்கப் பார்த்தால், டிஸ்க்கை 'டைனமிக்' ஆக மாற்றட்டா என்று கேட்கும். 'யெஸ்' அழுத்தக்கூடாது. திரும்பி வருவது கரைச்சல்.

நிறுவியில் டிஸ்க்கே காட்டவில்லை என்றால் அது பாகச் சிக்கல் இல்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்க்கை மறைத்துவைக்கும். 'லோட் டிரைவர்' கொடுத்து இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை ஊட்ட வேண்டும், அல்லது பயோஸில் விஎம்டியை அணைக்க வேண்டும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடுகிற கணினியில் சும்மா அணைத்தால் அந்த விண்டோஸ் எழும்பாமல் போகலாம்.

கடைசியாக, விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்ஸ் போடுகிறவர்கள் அடிக்கடி தடுக்குப்படுகிற சொல் 'அன்அலொகேட்டட்', அதாவது யாருக்கும் ஒதுக்கப்படாத இடம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சியைச் சுருக்கி 60 ஜிபி எடுப்பதென்றால், கேட்கிற பெட்டியில் 61440 என்று எம்பி கணக்கில் கொடுக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலே எழுதி வைக்கவும். விண்டோஸை முழுதாக அணைய விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்கவும். மின்சாரம் போய்வருகிற நாளாக இருந்தால் மடிக்கணினியில் மின்கலம் நிறைந்த பிறகு தொடங்கவும். சுருக்கியதும் ஒரு கறுப்புப் பட்டை வரும். பலர் அதை வெறுமையாக விட மனமில்லாமல் வலச்சொடுக்கி, 'நியூ சிம்பிள் வொலியூம்' கொடுத்து, ஈ என்று எழுத்தும் போட்டுவிடுவார்கள். பிறகு உபுண்டு நிறுவி இடமில்லை என்கிறது. ஈ வெறுமையாக இருக்கலாம், ஆனால் அதற்கு உறுதி எழுதியாகிவிட்டது. அது ஒரு வெறும் பாகம். நிறுவி கேட்பது பாகம் விழாத இடம். கறுப்புப் பட்டையைக் கறுப்பாகவே விட்டுவிடவும்.