ரேஷன்: படியா, பங்கீடா?

கடைப் பலகையில் 'நியாய விலைக் கடை' என்று எழுதியிருக்கும். கையில் இருப்பது 'குடும்ப அட்டை'. ஆனால் வாயில் வருவது ரேஷன் கடை, ரேஷன் கார்டுதான்.

இலத்தீனில் 'ராத்தியோ' என்றால் கணக்கு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல், படைவீரனுக்கும் மாலுமிக்கும் நாளொன்றுக்கு அளந்து தரும் உணவைக் குறித்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்திய நகரங்களில் தானியத்தை அட்டைக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியதும், படைமுகாமின் சொல் அடுப்படிக்கு வந்தது. இலங்கைத் தமிழர் இதையே 'கூப்பன்' என்றார்கள்.

தமிழில் இதற்கு நேரான பழஞ்சொல் 'படி'. முதலில் அது தானியம் அளக்கும் கலம். பிறகு அளந்து கொடுக்கும் கூலி. அப்புறம் பயணப்படி, அகவிலைப்படி. அகவிலை என்றால் தானிய விலை. அரிசி விலை ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும் என்ற நியாயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அகவிலைப்படி இல்லாதவர் என்ன ஆவார்? 1943இன் பஞ்சத்தில் வங்காளம் அதைப் பார்த்தது. சுமார் 30 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று கணக்கிட்ட பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், அந்த ஆண்டு அங்கிருந்த தானியம் 1941இல் இருந்ததைவிட அதிகம் என்றும் காட்டினார். போர்ச் செலவால் அரிசி விலை எகிறியது; வயல் கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. கல்கத்தாவில் அரசு ஊழியருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் மலிவு விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்துக் கூலிக்காரருக்கும் மீனவருக்கும் அது இல்லை. அவர்களைக் கொன்றது வறுமை. அரிசி இருந்தது, வாங்கக் காசு இல்லை. அப்போது சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த சென்னிடம் அவருடைய தாத்தா ஒரு சிகரெட் டப்பாவைக் கொடுத்து, பசித்து வருபவர்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு டப்பா அரிசி அளந்து போடச் சொன்னாராம். ரேஷன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வருகிறது.

சரி, ரேஷனைப் 'படி' என்றே சொல்லிவிடலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. 'படியளக்கிறவர்' என்றால் ஆண்டையோ ஆண்டவனோ கண்முன் வருகிறார். அளப்பவர் மனம் வைத்தால்தான் சோறு.

'பங்கீடு' அப்படி இல்லை. பங்கிடு என்பதில் உள்ள 'இடு' நீண்டு 'ஈடு' ஆகியிருக்கிறது. கெடு கேடு ஆனதுபோல. பொதுவில் உள்ளதைப் பிரித்து அவரவர்க்கு உரியதைக் கொடுப்பது. பங்கைப் பெறுபவர் கையேந்துவதில்லை, கேட்டு வாங்குகிறார். 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் செய்தது: தகுதியுள்ள குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிக வறிய 'அந்த்யோதயா' குடும்பத்துக்கு 35 கிலோ என்று தானியத்தைச் சட்டப்படியான உரிமையாக்கியது. அந்த உரிமையின் கீழ் வரும் மக்களின் எண்ணிக்கையை இன்னும் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகையை வைத்தே கணக்கிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதற்குப் பின் பிறந்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே ரேஷன் கடையைப் பங்கீட்டுக் கடை என்றும், ரேஷன் அரிசியைப் பங்கீட்டு அரிசி என்றும் எழுதலாம். 'இலவச அரிசி' என்று மட்டும் எழுத வேண்டாம்.