சாப்பிட உட்காரும் குழந்தை: ஒழுங்கு எங்கிருந்து தொடங்குகிறது?

சேலத்தில் குழந்தைநல மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் காய்ச்சலுக்கும் சளிக்கும் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பலர், மருந்துச் சீட்டை வாங்கிய பிறகும் எழாமல் இன்னொன்றையும் கேட்கிறார்கள்: “ஒரு எடத்துல உக்காந்து சாப்பிட மாட்டேங்கறான் டாக்டர், எல்லாத்தையும் சிந்துறான், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா மானம் போகுது.” பதிலாக நான் கேட்பது ஒன்றுதான். அவன் சாப்பிடும்போது உடன் உட்கார்ந்து சாப்பிடுபவர் யார்? பெரும்பாலான வீடுகளில் யாருமில்லை என்பதே விடையாக வருகிறது. ஒருவர் கிண்ணத்தோடு பின்னால் ஓடுகிறார், குழந்தையின் கண் கைபேசியில் இருக்கிறது, பெரியவர்கள் பிறகு தனித்தனியே சாப்பிடுகிறார்கள். உணவு நேரத்து நடத்தையைக் குழந்தை பார்த்துத்தான் கற்கிறது. பார்ப்பதற்கு எதிரில் ஒருவரும் இல்லாதபோது எத்தனை முறை அதட்டினாலும் அது படியாது.

செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை நடத்துபவர்களுக்கும், அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கும், ஏற்காட்டில் விடிந்ததும் காப்பித் தோட்டத்துக்குக் கிளம்புபவர்களுக்கும் மூன்று வேளையும் குடும்பமாக உட்காருவது நடக்காத காரியம் என்பதை நான் அறிவேன். ஒரு வேளை போதும். இரவுச் சாப்பாடாக இருக்கட்டும், தரையில் பாய் விரித்தாலும் சரி, மேசையானாலும் சரி, அந்த இடமும் நேரமும் நாள்தோறும் மாறாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் அப்பாவின் கைபேசியும் உட்பட எல்லாத் திரைகளும் அணைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் குழந்தை தன் பசியையும் வயிறு நிறைந்ததையும் உணர்வதில்லை என்பதால், ‘போதும்’ என்று மரியாதையாகச் சொல்லும் பழக்கமும் அதற்கு வருவதில்லை.

பசி இல்லாத குழந்தையிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மாலை ஐந்தரைக்கு ஒரு தட்டுவடை செட், ஆறரைக்குப் பிஸ்கட், ஏழரைக்கு ஒரு தம்ளர் பால் என்று கொடுத்துவிட்டு எட்டு மணிக்குத் தட்டை வைத்தால், அது சோற்றைப் பிசைந்து விளையாடத்தான் செய்யும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் தேவையில்லை. அதற்கு மேல் போனால் உணவு குறைந்து இரும்புச்சத்துக் குறைபாடும் வரக்கூடும். இரண்டு உணவுகளுக்கு நடுவே இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி இருக்கட்டும். என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யலாம். எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையின் வயிற்றுக்கு விட்டுவிட வேண்டும். முதலில் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மீண்டும் போடும் வீட்டில் உணவு வீணாவதும் குறைவு, ‘இன்னும் கொஞ்சம் வேணும்மா’ என்று கேட்கும் பண்பும் தானாக வருகிறது.

சிந்துவதைப் பற்றி வயதறிந்து பேச வேண்டும். ஒன்பது, பத்து மாதத்தில் குழந்தை விரல் நுனிகளால் பருக்கையைப் பொறுக்கத் தொடங்குகிறது. ஒன்றரை வயதில் கரண்டியை வாய்வரை கொண்டுபோகும், பாதி கீழே விழும். அது கைக்குப் பயிற்சி, குற்றமன்று. மூன்று வயதுக் குழந்தையால் கால் மணி நேரம் உட்கார முடிந்தால் அதுவே நிறைவு. ஐந்து, ஆறு வயதில் கை கழுவிவிட்டு வருவது, தன் தட்டைத் தானே எடுத்து வைப்பது, எச்சில் கையால் பொதுப் பாத்திரத்தைத் தொடாமல் இருப்பது ஆகியவற்றை எதிர்பார்க்கலாம்.

ஒரு பழக்கத்தில் மட்டும் நான் தளர்வு காட்டுவதில்லை. வாயில் உணவோடு பேசுவதும் சிரிப்பதும் ஓடுவதும் ஆபத்தானவை. விழுங்கும்போது குரல்வளையின் மேலுள்ள சிறு மூடி மூச்சுப்பாதையை அடைக்கிறது. அந்த நேரத்தில் சிரித்தாலோ பேசினாலோ அது திறந்து, உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். புரையேறுதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது சில சமயம் உயிருக்கே வினையாக முடிகிறது. முழு வேர்க்கடலையை ஐந்து வயதுவரை கொடுக்க வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும், சீத்தாப்பழத்தை விதை நீக்கியும் கொடுங்கள். ‘பேசாம சாப்பிடு’ என்று அதட்டுவதைவிட, ‘முழுங்கிட்டுச் சொல்லு கண்ணு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்’ என்று சொன்னால் குழந்தை காத்திருக்கும்.

இடக்கையால் சாப்பிடும் குழந்தையை அடித்து மாற்றுவதை நான் ஏற்பதில்லை. எந்தக் கை வல்லது என்பது மூளையின் அமைப்போடு சேர்ந்து வருவது; கழுவிய கை எதுவானாலும் சுத்தமான கைதான். முகம் சுளிக்கும் உறவினரிடம் பேச வேண்டியவர்கள் பெற்றோர், குழந்தையன்று.

கல்யாணப் பந்தியைப் போல நல்ல பயிற்சிக் களம் வேறில்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பது, பக்கத்தில் இருப்பவருக்கும் பரிமாறும்வரை பொறுப்பது, வேண்டாததைப் போடும் முன்பே கையைக் காட்டித் தடுப்பது, முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடிப்பது எனப் பக்கத்தில் அமர்ந்த தாத்தாவைப் பார்த்தே குழந்தை கற்றுக்கொள்ளும். தவறு நேர்ந்தால் அங்கேயே எல்லோர் முன்னும் திட்டாமல் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

ஒழுங்கீனம் போலத் தோன்றுபவை சில நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். வாயைத் திறந்தே மெல்லும் குழந்தைக்கு, மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினாய்டு சதை வீங்கி மூக்கடைத்திருக்கலாம். இரவில் குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா என்று கவனியுங்கள். உணவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே இருப்பது, ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் இருமுவது, கெட்டியான எதைக் கண்டாலும் குமட்டுவது, எடை கூடாமல் நிற்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கண்டிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.