மூன்று நாள் தூங்காத மந்திரவாதி

"நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். அடுத்த கதவைத் திறக்கலாம்."

சொன்னவர் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குழுவில் மந்திரவாதியாக ஆடுபவர். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதைக்குள் அந்த மந்திரவாதி தூங்கி மூன்று நாள் ஆகிறது. கதைக்கு வெளியே, ஐடி கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் கண் அயர்ந்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அந்த "நல்லாத்தான் இருக்கேன்" என்று எனக்குப் பட்டது.

நான் மயக்க மருத்துவர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவன். களைத்தவனுக்குத் தான் களைத்திருப்பது தெரியாது என்பதை இரண்டு வேலையிலும் பார்க்கிறேன். மேசையில் நாம் வைத்திருக்கும் களைப்பு விதிகள் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் கோட்டை விடுகின்றன.

விதிகளுக்குக் குறைவில்லை. 1981இல் வந்த இந்த ஆட்டத்தின் பேசிக் பதிப்பிலேயே, நிலவறைக்குள் ஐம்பது நிமிடம் சுற்றினால் பத்து நிமிடம் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தாக்குதல் பகடையில் ஒன்று குறையும் என்று இருந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பு களைப்பை ஆறு படிகளாக வைத்தது. முதல் படியில் திறன் சோதனைகளுக்கு (ஒரு காரியம் பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்ப்பது) டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். இரண்டாவதில் வேகம் பாதி. அப்படியே இறங்கி, ஐந்தாவதில் நகரவே முடியாது, ஆறாவதில் மரணம். சோறு தண்ணீரோடு ஒரு லாங் ரெஸ்ட், அதாவது எட்டு மணி நேர ஓய்வு எடுத்தால் ஒரு படி குறையும். 2024இல் இதைச் சுருக்கி, படிக்கு இரண்டு வீதம் டி20 என்ற இருபது முகப் பகடையில் கழி, வேகத்தில் ஐந்தடி குறை என்று ஆக்கிவிட்டார்கள். நினைவில் வைக்கச் சுலபம்.

ஆனாலும் மேசையில் களைப்பு வருவதேயில்லை. ஏன்? தூக்கம் இலவசம் என்பதால். "சரி, எட்டு மணி நேரம் படுக்கிறோம்" என்று ஒரு வரி, விடிந்துவிடும். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் உடல்வலுச் சோதனை என்று விதி சொல்கிறது. ஆனால் எந்த அவசரமும் இல்லாத குழு ஒன்பதாவது மணி ஏன் நடக்கப்போகிறது?

அதனால் நான் முதலில் செய்தது களைப்பு விதியைத் தொடாமல் தூக்கத்துக்கு விலை வைத்ததுதான். ஒரு தாளில் ஆறு கட்டம் வரைந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தேன். குழு ஒவ்வொரு முறை படுக்கும்போதும் ஒரு கட்டம் நிரம்பும். ஆறாவது நிரம்பினால் கொள்ளைக்காரர்கள் ஊருக்குள் வந்துவிடுவார்கள். அன்றிலிருந்து படுப்பதா நடப்பதா என்று மேசையில் அரை மணி நேரச் சண்டை. எனக்கு அந்தச் சண்டையைக் கேட்பதுதான் ஆட்டத்திலேயே பிடித்த பகுதி.

அடுத்தது, களைப்பு உண்மையில் எதைப் பறிக்கிறது என்பது. நம் விதிகள் காலையும் கையையும் பறிக்கின்றன. அனுபவத்தில் முதலில் போவது கவனம். ஒருமுறை விடியற்காலை நாலு மணிக்கு மருந்துக் குப்பியின் லேபிளை மூன்று தடவை படித்தேன். எழுத்து கண்ணில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "சார், ஒரு நிமிஷம் உட்காருங்க" என்று சிஸ்டர்தான் குப்பியை வாங்கி வைத்தார். எனக்கு அது வரை தூக்கம் வருவதாகவே தோன்றவில்லை.

2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பதினான்கு நாள் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை அடியோடு தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்தது. அவர்களைக் கேட்டால், லேசாகத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான் என்கிற தொனியில் பதில்.

இதை மேசைக்குக் கொண்டுவர, களைத்த பாத்திரத்தின் கவனிப்புச் சோதனைகளைத் என் முன்னால் நிற்கும் அட்டைத் திரைக்குப் பின்னால் நானே உருட்டுகிறேன். விழுந்த எண்ணைச் சொல்வதில்லை. பிறகு வர்ணனையைக் குறைக்கிறேன். நன்றாகத் தூங்கிய திருடன் பாத்திரத்தை ஆடுபவரிடம், "இடப்பக்கச் சுவரில் ஒரு கல் மட்டும் புதிதாகத் தெரிகிறது" என்பேன். மந்திரவாதியிடம், "சுவர்." அவ்வளவுதான். அவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது, பொறியில் கால் வைக்கும் வரை.

தி ஒன் ரிங் ஆட்டத்திலும் இந்த நுட்பம் உண்டு. பாத்திரம் களைத்துவிட்டால் ஆறு முகப் பகடையில் விழும் 1, 2, 3 எல்லாமே பூஜ்ஜியம். நாலும் ஐந்துமாக விழுகிற வரை களைப்பே தெரியாது. அதிர்ஷ்டம் சற்று மங்கினால் குப்புற விழ வேண்டியதுதான். தூக்கம் கெட்ட உடம்பும் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

விலை ரொம்ப ஏறிவிடவும் கூடாது. 2014 பதிப்பின் பெர்சர்க்கர் வீரன் வெறியாட்டம் ஆடி முடித்ததும் ஒரு படி களைப்பு வாங்குவான். எங்கள் மேசையில் அதை ஒருவரும் பயன்படுத்தவில்லை. 2024இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். அப்புறம், திரைக்குப் பின் உருட்டப் போகிறீர்கள் என்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நான் முதல் தடவை சொல்லாமல் செய்து, ஏமாற்றுகிறேன் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி கதைக்கு வெளியே. எங்கள் ஆட்டம் முன்பெல்லாம் இரவு ஒன்றரைக்கு முடியும். எல்லோரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்-கை ஒருங்கிணைப்பு ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவர்களின் அளவுக்குக் குறைகிறது என்று காட்டினார்கள். அதாவது 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கே அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. போலீஸ்காரர் ஊதச் சொன்னால் மெஷின் ஒன்றும் காட்டாது என்பதுதான் வித்தியாசம்.

இப்போது பத்தரைக்கு ஆட்டத்தை மூடுகிறேன், கதை எந்த இடத்தில் நின்றாலும் சரி. நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர் உள்ளே வரும்போதே வண்டிச் சாவியைப் பகடைக் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். அந்த சனிக்கிழமை மந்திரவாதி அடுத்த கதவைத் திறக்கத்தான் செய்தார், பின்னால் பொறி இருந்தது. அது வேறு கதை. கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தேன். "தூக்கமே வரல டாக்டர்" என்றார். நான் விளக்கை அணைத்துவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டு வருவதற்குள் குறட்டை கேட்டது.