பூட்டின கழுத்தில பக்கத்து மூட்டு ஏன் நோகுது?

சுன்னாகத்தில இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தவ, "அவருக்குக் கழுத்தில பிளேட் வச்சு 6 வருசம், கை விறைப்பு அப்பவே மாறீட்டுது, இப்ப அதுக்கு மேல நோகுது, பிளேட் கழண்டிட்டுதோ தம்பி?" எண்டு. பிளேட் லேசில கழராது அக்கா, நான் முதல்ல சந்தேகப்படுறது பக்கத்து மூட்டை.

கழுத்தில 7 எலும்பு, இடையில மெத்தை மாதிரி டிஸ்க், அது பிதுங்கி நரம்பை நசிச்சா டிஸ்கை எடுத்துப்போட்டு ரெண்டு எலும்பையும் ஒண்டா ஒட்ட விடுவினம் (இதைத்தான் பூட்டுறது எண்டு சொல்லுறன், அவருக்கு வச்ச பிளேட்டும் இதுக்குத்தான்), 1950களில இருந்து செய்யிற ஒப்பரேசன்தான். ஆனா பின்னால இருக்கிற ஃபாசெட் மூட்டைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்ல. ஒவ்வொரு மட்டத்திலையும், அதாவது ரெண்டு எலும்பு சந்திக்கிற இடத்தில, இடமும் வலமுமா ஒரு சோடி, முழங்கால் மாதிரியே குருத்தெலும்பு, வழுக்கிற நீர், சுத்தி ஒரு உறை, எல்லாம் விரல்நகம் மட்டில. எங்கட பழைய ஓட்டு வீட்டுக் கூரையில ஓட்டுக்கு மேல ஓடு சரிஞ்சு படுத்திருக்குமெல்லே, கழுத்தின்ர நடுவில இந்த மூட்டும் கிட்டத்தட்ட 45 பாகைச் சரிவில அப்பிடித்தான் படுத்திருக்கு. குனிஞ்சா மேல் ஓடு முன்னுக்கு ஏறி வழுக்கும், நிமிர்ந்தா இறங்கும். அந்தச் சரிவால கழுத்து அந்த இடத்தில தனியத் திரும்பவே ஏலாது, திரும்பேக்க அதே பக்கம் கொஞ்சம் சரிஞ்சுதான் திரும்பும், எவ்வளவு வடிவான வேலை!

ஒரு மட்டத்தைப் பூட்டினா அங்க வழுக்கல் நிண்டிடும். ஆனா படலையால சைக்கிளை எடுக்கேக்க அவர் பின்னால திரும்பிப் பாக்கிறதை விடுவாரே? அந்த அசைவை மேலயும் கீழயும் உள்ள மட்டங்கள் பங்குபோடும். பிறகு பக்கத்து டிஸ்க் பதிய, சுமை பின் மூட்டில விழும், குருத்தெலும்பு தேயும், உறை தொய்யும், ஓடு வரம்பு தாண்டி வழுக்கும். உடம்பும் சும்மா இராது, ஆடுற இடத்தை இறுக்கிப் பிடிக்க ஓரத்தில எலும்பு வளர்க்கும், சிலநேரம் அதே எலும்பு நரம்பு வாற துவாரத்தை அடைச்சுப்போடும்.

அமெரிக்க டொக்டர் ஹிலிபிராண்டின்ர குழு கழுத்தைப் பூட்டின ஆக்களில செய்து 1999ல வந்த ஆய்வில வருசத்துக்கு 100 பேரில கிட்டத்தட்ட 3 பேருக்குப் பக்கத்து மட்டத்தில புதுசா நரம்புக் கோளாறு வந்தது. அதில வயசுத் தேய்மானம் எவ்வளவு, பூட்டினது எவ்வளவு எண்டு இன்னும் வாதம் நடக்குது. அதைப் பிரிச்சறிய ஆக்களை 10, 15 வருசம் விடாமப் பாக்கோணும், எங்கட பக்கமும் அதுக்குக் காசு ஒதுக்கோணும் எண்டு நான் திரும்பத் திரும்பச் சொல்லுவன்.

படுத்தபடி எடுக்கிற எம்ஆர்ஐயில இந்த வழுக்கல் ஒளிஞ்சிடலாம், தலையின்ர 5 கிலோப் பாரம் அப்ப கழுத்தில இல்லையே. அதால குனிஞ்சு ஒண்டு, நிமிர்ந்து ஒண்டு எக்ஸ்ரே எடுக்கிறதைப் பற்றி டொக்டரிட்டக் கேளுங்கோ, எலும்பு 3.5 மில்லிமீட்டருக்கு மேல நகர்ந்திருந்தா உறுதி குறைஞ்சிட்டுதெண்டு யோசிப்பினம். நாவூறு எண்டு நூல் கட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதேங்கோ, சலூனில நெட்டி முறிக்க விடவே விடாதேங்கோ. சேட்டுத் தெறி பூட்டக் கை தடுமாறினா, நடக்கேக்க கால் தள்ளாடினா, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா.