"வயித்துக் கோளாறு" என்று அழைத்து வரப்படும் பிள்ளைகள்

பாம்பன் பக்கமிருந்து ஒரு தாய் பதினேழு வயது மகளை அழைத்து வந்தார். "எதைத் தின்னாலும் வாந்தி எடுக்குது டாக்டர்." ஸ்கேன், எண்டோஸ்கோபி பார்த்தாயிற்று, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினேன். வாந்தி தானாக வரவில்லை. விரலை விட்டு எடுக்கிறாள். விரல் முட்டியில் பல் பட்ட தழும்பு.

அக்காவின் நிச்சயதார்த்தத்தில் சித்தி ஒருவர், "அக்காவை விட ஒரு சுத்து பெருத்துட்டாளே, இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுறது?" என்று சிரித்திருக்கிறார். அன்று ராத்திரியே சோறு பாதியானது. பட்டினி போட்டால் உடம்பு சும்மா இருக்காது, ஒருநாள் அள்ளித் தின்ன வைக்கும். அப்புறம் குற்ற உணர்வு, வாந்தி, மறுபடி பட்டினி. இது வயிற்று நோயல்ல, சாப்பாட்டோடு மனம் போராடும் மனநலக் கோளாறு, "புலிமியா" என்போம்.

சித்தி மேலேயே முழுப் பழியையும் போட மாட்டேன். அதே பேச்சை இன்னொரு பெண் மறந்திருப்பாள். பரம்பரைக் கூறு, பதற்றம், தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், எதிலும் குறை வரக் கூடாதென்று தன்னையே வாட்டும் சுபாவம் இதெல்லாம் உள்ள பிள்ளைக்குத்தான் அது ஆழமாகத் தைக்கும். இவள் ஒரு மார்க் குறைந்தாலும் தூங்காதவள். அந்த வருடம் கடலுக்குப் போன அப்பா இலங்கைச் சிறையில் இருந்தார். "என் கையில இருந்தது சாப்பாடு மட்டும்தான்" என்றாள். அந்த வாக்கியம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பட்டணத்துப் பணக்காரர் நோய் என்று இதைத் தள்ளுகிறோம். பிஜித் தீவில் காலங்காலமாகப் பருத்த உடம்பைத்தான் அழகென்றார்கள். 1995-இல் அங்கே ஒரு பகுதிக்கு டிவி வந்த புதிதில் கேட்டபோது, எடை குறைக்க வாந்தி எடுத்ததாக ஒரு பள்ளி மாணவிகூடச் சொல்லவில்லை. 1998-இல் 11 சதவீதம் பேர் சொன்னார்கள். இங்கே மண்டபத்திலும் கீழக்கரையிலும் பிள்ளைகள் கையில் இருப்பது போன்.

ஒல்லிப் பிள்ளையைக் "கருவாடு" என்பதும் கேலிதான். ஆண் பிள்ளைகளுக்கும் இது வருகிறது, அவர்கள் வெளியே சொல்வதில்லை.

சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போவது, மாதவிடாய் நிற்பது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுப்பது: இவற்றைக் கண்டால் திட்டாதீர்கள், "இன்னும் ரெண்டு வாய்" என்று திணிக்கவும் வேண்டாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும், அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். உடனே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.