கால் அங்குலத்தின் காகிதப் பயணம்

அமெரிக்க இருப்புப்பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய அகலம் 56.5 அங்குலம், அதாவது 1,435 மில்லிமீட்டர். சரக்கு ரயில்கள் மணிக்கு 60 மைல் வரையிலும் பயணிகள் ரயில்கள் 80 மைல் வரையிலும் செல்லக்கூடிய நான்காம் வகுப்புப் பாதையில் இந்த அகலம் 57.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 5/8 அங்குலம் கீழே, சக்கரத்தின் விளிம்பு உரசும் இடத்தில் அளவுகோலை வைத்துப் பார்க்கும் அரசு ஆய்வாளருக்கு 57¾ அங்குலம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிகுதியாக இருப்பது கால் அங்குலம்தான்.

அவர் அடுத்துக் கேட்பது ரயில் நிறுவனத்தின் பதிவேட்டை. இத்தகைய பாதையை நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்களே வாரம் இருமுறை, இடையில் ஒரு நாளாவது விட்டு, பார்வையிட வேண்டும். பார்த்த அன்றே இடம், குறை, எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ரயில் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அரசுத் துறையான கூட்டாட்சி ரயில்வே நிர்வாகம், நாடு முழுவதற்குமாகச் சில நூறு ஆய்வாளர்களையே கொண்டிருப்பதால், ஒவ்வொரு மைலையும் தானே நடந்து பார்க்க இயலாது. ஆகவே பதிவேட்டில் இருப்பதும் தரையில் இருப்பதும் பொருந்துகின்றனவா என்று ஆங்காங்கே சரிபார்ப்பதுதான் அதன் உண்மையான கண்காணிப்பு. ரயில் எஞ்சினுக்கும் இதே ஏற்பாடு உண்டு. பல எஞ்சின்களுக்கு 92 நாள்களுக்கு ஒருமுறை நடக்கும் சோதனையின் விவரம், தொழிலாளர்கள் 'நீல அட்டை' என்று அழைக்கும் படிவமாக, ஓட்டுநர் அறையிலேயே கண்ணாடி போன்ற உறைக்குள் தொங்கும்.

கண்ட குறையை ஆய்வாளர் 6180.96 என்ற எண்ணுள்ள ஆய்வு அறிக்கையில் எழுதி நிறுவனத்திடம் ஒரு பிரதியைத் தருகிறார். பெரும்பாலான குறைகள் வெறும் 'குறைபாடு' என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. நிறுவனம் சரிசெய்தால் போதும். அபராதம் பரிந்துரைக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய, குறையின் தீவிரம், அதனால் விளையக்கூடிய ஆபத்து, அந்த நிறுவனத்தின் அண்மைக்கால ஒழுங்கு ஆகியவற்றை ஆய்வாளர் எடைபோட வேண்டும். பரிந்துரைப்பதென்றால் விதிமீறல் அறிக்கை என்ற தனி ஆவணம் எழுத வேண்டும். அது அளவீடு, ஒளிப்படம், பதிவேட்டின் நகல் ஆகியவற்றுடன் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் துருவிக் கேட்டாலும் நிற்கும்படி அது இருக்க வேண்டும் என்பதால், இரண்டு ஆவணங்களில் இதுவே கடினமானது. கூட்டாட்சியின் சான்றிதழ் பெற்ற மாநில அரசு ஆய்வாளர்களும் இவ்வேலையைச் செய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பரிந்துரையும் கூட்டாட்சி நிர்வாகத்துக்கே செல்லும்.

அபராதப் பரிந்துரையோடு கூடிய அறிவிப்பு கைக்கு வந்ததும் நிறுவனத்தின் எழுத்து வேலை தொடங்குகிறது. அறிவிப்பு கிடைத்த மாதம் முடிந்து 30 நாள்களுக்குள், என்ன செய்து சரிசெய்தோம் என்று ஆய்வாளருக்கே தெரிவிக்க வேண்டும். மார்ச் 3ஆம் தேதி கிடைத்திருந்தால் ஏப்ரல் 30 கடைசி நாள். அதற்குள் முடியாவிட்டால் தாமதத்தின் காரணத்தையும் முடியும் தேதியையும் எழுத்தில் தர வேண்டும்.

இவ்வளவு எழுத்தைக் கேட்கும் அரசுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. 1980இல் இயற்றப்பட்டு 1995இல் திருத்தப்பட்ட காகிதவேலைக் குறைப்புச் சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கும் கூட்டாட்சித் துறை, முதலில் 60 நாளும் பின்னர் 30 நாளும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, அப்படிவத்தை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டு, குடியரசுத் தலைவரின் கீழுள்ள மேலாண்மை மற்றும் வரவுசெலவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒப்புதல் அதிகபட்சம் மூன்றாண்டுக்குத்தான். பிறகு மீண்டும் முதலிலிருந்து. ஒப்புதலின் அடையாளமாகத் தரப்படும் கட்டுப்பாட்டு எண்ணைப் படிவம் காட்டாவிட்டால், அதை நிரப்பாததற்காக யாரையும் தண்டிக்க முடியாது. படிவம் கேட்கும் அரசே அனுமதிப் படிவத்துக்குக் காத்திருக்கும் இந்த ஏற்பாடு எனக்குச் சற்றே வேடிக்கையாகவும் மிக நியாயமாகவும் படுகிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு தகவல் கேட்பதோடு நின்றுவிடுகிறது; நாடாளுமன்றச் சட்டமே நேரடியாகக் கோரும் தகவலுக்கு அது செல்லாது என்றும் நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. கட்டுப்பாட்டு எண் காலாவதியானாலும் 57.5 அங்குலம் என்ற வரம்பு காலாவதியாவதில்லை; அந்தக் கால் அங்குலத்தை நிறுவனம் சரிசெய்தே ஆக வேண்டும்.