இன்ஜினை இறக்காமல் பெயின்ட் அடிக்கலாமா? பூச்சுக்கு அடியில் மூச்சுவிடும் துரு

பழைய கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இன்ஜின் பிளாக் முழுக்கத் துரு. இன்ஜினை இறக்காமல், இருக்கிற இடத்திலேயே பெயின்ட் அடித்தால் நிற்குமா? துருவின் மேலேயே கனமாக அடித்து மூடிவிட்டால், காற்று கிடைக்காமல் துரு செத்துவிடாதா?”

முதல் கேள்விக்குப் பதில்: நிற்கும், மேற்பரப்பு சுத்தமாக இருந்தால். இரண்டாவதில் இருப்பது வெகுநாளாக உலவும் ஒரு நம்பிக்கை. அது தவறு. ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருப்போம். பாடப்புத்தகம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு விஷயம், இது ஒரு மின்சுற்று என்பது. ஓர் இடத்தில் இரும்பணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகி, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுவாகி, ஈரத்தில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி வேறோர் இடத்தில் ஆக்ஸிஜனிடம் சேர்கின்றன. சுற்று முழுமையாக, மேலே உள்ள ஈரத்தின் வழியே அயனிகளும் நகர வேண்டும். பழைய பிளாக்குகள், அதாவது இன்ஜினின் உலோக உடல்கள், பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பில் ஆனவை. அதில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் உண்டு. பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகக் கிடக்கிறது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் தான் கரையாது. ஆகவே எலக்ட்ரானை ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கும் முனைகள் இந்த உலோகத்துக்குள் வார்க்கும்போதே அமைந்துவிடுகின்றன.

சரி, பெயின்ட் என்ன செய்கிறது? தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாமல் தடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1950-களில் கேம்பிரிட்ஜில் ஜே.இ.ஓ. மெய்ன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். சாதாரணப் பெயின்ட் படலத்தின் வழியே கசியும் தண்ணீரும் ஆக்ஸிஜனுமே இரும்பு தாராளமாகத் துருப்பிடிக்கப் போதுமானவை என்று தெரிந்தது! அப்படியானால் பெயின்ட் அடித்த இரும்பு ஏன் தப்பிக்கிறது? படலம் தடுப்பது அயனிகளை. தண்ணீர் மூலக்கூறு நுழைந்துவிடும் இடத்தில் அயனியால் எளிதில் நுழைய முடியாது. மின்சுற்றின் நடுவே ஒரு பெரிய மின்தடை வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1948-இல் வெளியான ஓர் ஆய்வு நூற்றுக்கணக்கான பூச்சுகளை அளந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் பூச்சின் மின்தடை 10 கோடி ஓமுக்கு மேல் இருந்தால் இரும்பு பத்திரம், 10 லட்சம் ஓமுக்குக் கீழே போனால் ஆபத்து என்று காட்டியது. பெயின்டின் நல்லது கெட்டதை ஓம் கணக்கில் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இப்போது துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். துருவை வேலை முடிந்த கழிவு என்று நினைக்கக் கூடாது. அதிலுள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. கிடைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஈரம் இருந்து, ஆக்ஸிஜன் வரத்து குறைந்துவிட்டால், அடியிலுள்ள நல்ல இரும்பு தன் எலக்ட்ரான்களை அந்தத் துருவிடமே கொடுத்துவிட்டுக் கரைகிறது. அதாவது, காற்றை அடைத்தால் காற்றின் வேலையைத் துருவே எடுத்துக்கொள்கிறது. எலக்ட்ரானை வாங்கிய துரு, மேக்னடைட் என்ற கருப்பு ஆக்சைடாக மாறுகிறது. மேக்னடைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் எலக்ட்ரான்களுக்குப் பாதை இன்னும் சுலபமாகிறது. அப்புறம் ஈரம் காயும்போது நுண்துளைகள் திறந்து காற்று உள்ளே வர, மேக்னடைட் மறுபடி பழுப்புத் துருவாகிறது. அடுத்த ஈரத்துக்குத் தயாராகிவிடுகிறது. துரு மூச்சை இழுத்து விடுவதுபோலத்தான் இது. இந்தச் சுழற்சியை விளக்கியவர் அதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யு.ஆர். எவன்ஸ். ஓடும்போது காய்ந்து, நின்று குளிர்ந்தபின் ஈரம் படியும் இன்ஜின் பிளாக்கை விட இதற்குத் தோதான இடம் கிடைப்பது கடினம்.

போதாததற்குத் துருவின் இடுக்குகளில் உப்பு ஒளிந்திருக்கும். படலத்தின் வழியே கசியும் தண்ணீரைச் சவ்வூடு பரவல் மூலம் அந்த உப்பு இழுத்துக்கொள்ள, பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளத்துக்குள் இருக்கும் உப்புநீரில் அயனிகளுக்குக் குறைவே இல்லை. மேலே எத்தனை கோடி ஓம் தடை இருந்தாலும் அடியிலேயே தனிச் சுற்று ஓடத் தொடங்கிவிடும்.

2016-இல் வெளியான ஒரு சர்வதேச மதிப்பீட்டின்படி, துரு போன்ற உலோக அரிப்பால் உலகத்துக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 2.5 லட்சம் கோடி டாலர். 2013-இன் உலக உற்பத்தியில் சுமார் 3.4 சதவீதம். இவ்வளவு பெரிய இழப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு, விண்வெளிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூடக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். எவன்ஸ் ஆராய்ந்தது இரும்புத் தகட்டின்மேல் வைத்த ஒரு சொட்டு உப்புநீரை. அந்த மாதிரிப் பொறுமையான வேலைக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

வேலைக்கு வருவோம். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். காற்று நுழையும் வாய், ஆல்டர்னேட்டர், சென்சார்கள், பெல்ட் எல்லாவற்றையும் மூடிக் கட்டுங்கள். மணல் பீய்ச்சித் துருவை எடுப்பது காருக்குள் இருக்கும் இன்ஜினுக்கு ஆகாது. ஒரு பிடி மணல் உள்ளே போனாலும் பேரிங் போய்விடும். முதலில் டீகிரீசரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, அப்புறம் வயர் பிரஷ். வரிசையை மாற்றினால் பிரஷ் எண்ணெயைத் துருவுக்குள் தேய்த்து அனுப்பிவிடும். கடைசியில் சுத்தமான தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் உடையாமல் தகடாகப் பரவினால் பரப்பு சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் மிச்சமிருக்கிறது. உடனே உலர்த்தாவிட்டால் கண்முன்னே புதுத் துரு படரும்.

குழிகளில் ஒட்டிய துருவைப் பிரஷால் எடுக்க முடியாது. அதற்குத்தான் துரு மாற்றிகள். பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கரையாத இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் அதைக் கருநீல டானேட்டாக மாற்றும்; பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் கையெழுத்துப் பிரதிகளை எழுதிய இரும்பு மையும் இதே வேதியியல்தான். எலக்ட்ரானை வாங்கி, மேக்னடைட்டாகி, மறுபடி துருவாகும் சுழற்சியிலிருந்து அந்த இரும்பு பெரும்பாலும் விலகிவிடுகிறது. ஆனால் துரு மாற்றி மெல்லிய துருவில்தான் வேலை செய்யும். பொருக்கு பொருக்காக இருந்தால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் பழைய கதை தொடரும்.

பெயின்ட் வெப்பத்தைப் பிடித்துவைக்குமா, கருப்பு அடித்தால் இன்ஜின் நன்றாகக் குளிருமா என்றும் கேட்கிறார்கள். பிளாக்கின் வெப்பத்தில் பெரும்பகுதி கூலன்ட் வழியே ரேடியேட்டருக்குப் போய்விடுகிறது. 0.1 மில்லிமீட்டர் படலம், சுற்றியுள்ள காற்றின் வெப்பத் தடைக்கு முன் பொருட்டே இல்லை. 100 டிகிரியில் பிளாக் கதிர்வீசுவது அகச்சிவப்பில். அங்கே சிவப்பு, நீலம், கருப்பு எனாமல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பிடித்த நிறத்தை அடியுங்கள்.

கனமாக மட்டும் அடிக்காதீர்கள். 50 சென்டிமீட்டர் நீளப் பிளாக், 80 டிகிரி சூடேறும்போது சுமார் 0.4 மில்லிமீட்டர் நீள்கிறது. பெயின்ட் அதைவிடச் சில மடங்கு அதிகம் விரிய விரும்பும். மெல்லிய பூச்சு இந்த இழுபறியைத் தாங்கும், கனமானது விரிசல் விடும். எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரிக்குப் போவதால் அங்கே சாதாரண இன்ஜின் எனாமல் நிற்காது. சிலிகோன் வகைதான் வேண்டும்.

எர்த் வயர் பிளாக்கைத் தொடும் இடத்தில் பெயின்ட் படக் கூடாது. நாம் இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய மின்தடை அங்கே வந்தால் ஸ்டார்ட்டர் சுழலாது. டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்தபின் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் அதிக நேரம். கரைப்பான் மிச்சம் மெதுவாக வெளியேறி எனாமல் இறுகும். கழற்றி வைத்த பிளாக்கை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டியிருக்கும். இறக்காத இன்ஜின் தன் பூச்சைத் தானே சுட்டுக்கொள்கிறது.